மஞ்சள் நோட்டீஸ் வீட்டைக் காக்காது

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும், உள்ளே முடிச்சூர், மாடம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் வரையிலும், கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் எழுந்த வீடுகளில் ஏராளமானவற்றின் மூலப் பத்திரம் வீட்டு பீரோவில் இல்லை. ஏதோ ஒரு வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. வாசலில் நிற்கும் காரின் ஆர்.சி.யிலும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கிறது. சம்பளம் வரும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. ஆனால் சம்பளம் நின்றுபோவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகர் ஆலையும் ஓய்ந்தது. ஆலை நின்ற மாதத்திலும் வீட்டுக் கடன் தவணை அதே தேதியில்தான் வந்தது. அப்படிச் சிக்கிக்கொண்ட குடும்பத்துக்குச் சொந்தபந்தம் இரண்டு வழி சொல்லும். ஒன்று, ‘பேசாம ஐ.பி. கொடுத்துடு.’ மற்றொன்று, ‘பேங்க்ல போய்ப் பேசிப் பாரு.’ முதல் யோசனை அழுத்தமாகச் சொல்லப்படுகிறது, இரண்டாவது அரைமனதாக. வீடும் வண்டியும் கையில் நிற்க வேண்டும் என்றால் அழுத்தம் இரண்டாவதன் மேல்தான் இருக்க வேண்டும். அதுவும் முதல் தவணை தவறும் முன்பே தொடங்க வேண்டும்.

ஐ.பி. என்னும் இன்சால்வென்சி பெட்டிஷன், பேச்சுவழக்கில் மஞ்சள் நோட்டீஸ், என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி சிவில் எல்லைக்குள் வசிப்பவருக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர நொடிப்புச் சட்டம். தாம்பரம் மாநகராட்சியில் வசிப்பவருக்கு, அதாவது செங்கல்பட்டு மாவட்டத்துக்காரருக்கு, 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். இரண்டும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்கிற வரம்பு 1920 சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ, அது நியமிக்கும் ரிசீவரிடமோ போய்விடுகிறது. விடுவிப்பு உத்தரவு வரும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் அதே வழிதான். உடுதுணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி போல சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு விலக்கி வைத்தவை மட்டுமே தப்பும். சம்பளக்காரரின் அடுக்கக வீடு அந்தப் பட்டியலில் இல்லை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று 1920 சட்டத்தின் 28-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: அடமானம் வாங்கிக் கடன் கொடுத்தவரின் கையை நொடிப்பு உத்தரவு கட்டாது. வீட்டின் மேல் கடன் கொடுத்த வங்கியும், காரின் மேல் கடன் கொடுத்த நிதி நிறுவனமும் இந்த மனுவுக்கு வெளியே நிற்கின்றன. ஐ.பி. போட்டவரின் கைமாற்றுக் கடனும் கார்டு கடனும் நீதிமன்றத்தில் அடங்கிக் கிடக்கும்போதே வீடு ஏலத்துக்கு வரலாம். அடமானக் கடன் போக வீட்டில் அவருக்கென்று மிஞ்சும் மதிப்பும் மற்ற கடன்காரர்களுக்குப் பங்காகப் போகும். எதைக் காப்பாற்ற மனு போட்டாரோ அதையே முதலில் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் இது.

மனு போடும் முன் வீட்டை மனைவி பெயருக்கோ மைத்துனர் பெயருக்கோ மாற்றிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நொடிப்பு மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் கைம்மாறு இல்லாமல் செய்த சொத்து மாற்றத்தை ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. செக் திரும்பிய வழக்கு ஐ.பி. போட்டதால் கலைந்துவிடாது. இதையெல்லாம் சொல்வதால் மஞ்சள் நோட்டீஸ் யாருக்குமே உதவாது என்று ஆகிவிடாது. சொந்த வீடு இல்லாமல், அடமானமில்லாக் கடன் மட்டும் மலையாகக் குவிந்து, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி வாரண்டு வரும் நிலையில் இருப்பவருக்கு அது நியாயமான புகலிடம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி விழுந்து மதராஸ் முழுக்க சேமிப்பைத் தொலைத்தபோது, அந்தக் கம்பெனி முதலாளிகளே தஞ்சம் புகுந்த இடம் நொடிப்பு நீதிமன்றம்தான். சிறை பயத்தில் மட்டும் ஐ.பி.க்கு ஓடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்ட வசதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடனாளியைச் சிவில் சிறையில் அடைக்க முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த பயத்தைக் காட்டி மிரட்டும் வசூல் ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.

2016-இல் திவால் சட்டம் புதிதாக வந்ததே என்று கேட்கலாம். வந்தது, ஆனால் தனிமனிதருக்கான அதன் மூன்றாம் பகுதி கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் திறந்தது. சம்பளக்காரருக்கு அது இன்னும் பூட்டிய கதவு. அந்தப் பகுதியில் நல்ல சங்கதிகள் உண்டு. மனு போட்டதும் இடைக்காலத் தடை. கடனாளி தன் வருமானத்துக்கு ஏற்றபடி தவணைத் திட்டம் எழுதிக் கொடுத்து, கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் அதையே நடைமுறைப்படுத்தும் வழி. குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட, அடமானமில்லாத ஒரு வீட்டுக்கு விலக்கு. ஆனால் அதே சட்டத்தில் ஏழைகளுக்கென வைத்த ‘புதிய தொடக்கம்’ பிரிவைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய், சொத்து 20,000, கடன் 35,000. இவற்றைத் தாண்டக்கூடாது, சொந்த வீடும் இருக்கக்கூடாது. மாதம் 5,000 ரூபாய் வருமானத்தில் தாம்பரத்தில் ஓர் அறைகூட வாடகைக்குக் கிடைக்காது. அதையும் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. கம்பெனிகளின் திவால் தீர்வில் கடன் கொடுத்தவர்கள் கேட்ட தொகையில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே திரும்பப் பெற்று மீதியை விட்டுக்கொடுக்கிற நாட்டில், வீட்டுக் கடன் வாங்கியவருக்கு மட்டும் நூறாண்டுப் பழைய சட்டம்தான் கதி என்பது அநியாயம்.

அடுத்தது ஆலோசனை. அமெரிக்காவில் 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திவால் மனு போட நினைப்பவர் அதற்கு முந்தைய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். அங்கே 13-ஆம் அத்தியாயத்தின் கீழ் மனு போட்டால் மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டத்தில் பாக்கியைக் கட்டிக்கொண்டே வீட்டையும் காரையும் வைத்துக்கொள்ளலாம். மலேசியாவில் நம்மவர்கள் நன்கு அறிந்த ஏ.கே.பி.கே. என்ற அமைப்பை 2006-இல் அந்நாட்டு மத்திய வங்கியே தொடங்கியது. கடனாளிக்காக வங்கிகளிடம் பேசி ஒரே தவணையாக மாற்றித் தருகிறது, கட்டணம் இல்லாமல். இந்தியாவிலும் 2009 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிதிக் கல்வி, கடன் ஆலோசனை மையங்களுக்கு ஒரு மாதிரித் திட்டம் வகுத்தது. வங்கியின் கிளையாக இல்லாமல் தள்ளி நின்று, இலவசமாக, கடனாளிக்காகப் பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2012-இல் அவை ‘நிதிக் கல்வி மையங்கள்’ ஆயின. கணக்குத் தொடங்குவது, சேமிப்பு, காப்பீடு என்று கவனம் திரும்பியது. கடனில் மூழ்குபவரைக் கைதூக்கும் வேலை பின்னால் போயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் இப்போது தனியார் ‘லோன் செட்டில்மென்ட்’ ஏஜென்சிகள் கடை விரித்திருக்கின்றன. எல்லாத் தவணையையும் நிறுத்துங்கள், எங்களுக்கு மாதக் கட்டணம் கட்டுங்கள், பாதித் தொகையில் முடித்துத் தருகிறோம் என்பது அவர்களின் வழக்கமான பேச்சு. கார்டு கடன் மட்டும் உள்ளவருக்கு அது எப்படியோ போகட்டும். வீட்டுக் கடன் வைத்திருப்பவர் எல்லாத் தவணையையும் நிறுத்தினால் வீட்டை அவரே ஏலத்துக்கு அனுப்பி வைக்கிறார் என்று பொருள்.

ஏனென்றால் வீட்டுக் கடனின் கடிகாரம் வேகமாக ஓடும். தவணை 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசத்துடன் 13(2) நோட்டீஸ். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். பலர் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை. 60 நாள் கடந்தால் சுவாதீன அறிவிப்பைக் கதவில் ஒட்டி நாளிதழிலும் போடுவார்கள். அன்றில் இருந்து 45 நாளுக்குள் சென்னையில் உள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆள் வெளியேற மறுத்தால் வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு கொடுத்து போலீஸ் துணையுடன் வரும். முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாள் காலையில் பணத்தோடு போய் நிற்கலாம் என்ற பழைய நம்பிக்கையை 2023-இல் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உடைத்துவிட்டது. ஆகவே உண்மையான அவகாசம் முதல் 90 நாள். அந்த 90 நாளில் வங்கிக்கும் ஏலத்தைவிடப் பேச்சுதான் லாபம். அதற்குப் பிறகு கோப்பு கிளையை விட்டு வசூல் பிரிவுக்குப் போய்விடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். கணவன், மனைவி இருவரும் வேலை பார்த்து மாதம் 85,000 ரூபாய் வருகிற ஒரு சேலையூர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் 35 லட்சம், 8.75 சதவீதம், 20 ஆண்டு: தவணை சுமார் 30,930. ஐந்தாண்டு கட்டியாயிற்று, அசலில் இன்னும் ஏறத்தாழ 30.95 லட்சம் நிற்கிறது. கார் கடன் 6 லட்சம், 10 சதவீதம், ஐந்தாண்டு: தவணை 12,750. தனிநபர் கடன் 4 லட்சம், 16 சதவீதம், நான்காண்டு: 11,340. கார்டு பாக்கி 2 லட்சம், மாதம் மூன்றரை சதவீத வட்டி, அதன்மேல் ஜி.எஸ்.டி.: 8,260, அசல் ஒரு ரூபாய் குறையாமல். மொத்தம் 63,000-க்கு மேல். ஒருவர் வேலை போய் வருமானம் 45,000 ஆனதும் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? தினமும் போன் வருவது கார்டுக்கும் தனிநபர் கடனுக்கும்தான் என்பதால் அவற்றை முதலில் கட்டி, போன் வராத வீட்டுக் கடனைத் தள்ளிப்போடுகிறார்கள். தவறான வரிசை. சத்தம் போடுபவரிடம் அடமானம் இல்லை. அவர் வழக்குத்தான் போட முடியும். சத்தமில்லாமல் இருப்பவரிடம் வீட்டுப் பத்திரம் இருக்கிறது.

அந்தக் குடும்பம் காரை விற்கட்டும். இரண்டு ஆண்டு கட்டிய நிலையில் கார் கடன் பாக்கி சுமார் 3.95 லட்சம். வெளியில் 4.5 லட்சத்துக்கு விலை போனால் பாக்கியைக் கட்டி, தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் கடன் பதிவை நீக்கி, கையில் 55,000 மிஞ்சும். அதுவே நிதி நிறுவனம் வண்டியை சீஸ் செய்து ஏலத்தில் 3.25 லட்சத்துக்குத் தள்ளிவிட்டால், யார்டு வாடகையும் தூக்கியவர் கூலியும் சேர்த்து, வண்டியும் போய் 70,000-க்கு மேல் கடனும் மிஞ்சும். அடுத்து வீட்டுக் கடன். மீதிக் காலத்தை 15 ஆண்டில் இருந்து 25 ஆக நீட்டினால் தவணை சுமார் 25,440-க்கு இறங்கும். மாதம் 5,500 ரூபாய் மூச்சு. இதற்கு விலையும் உண்டு: கடைசிவரை அப்படியே கட்டினால் மொத்தத்தில் 20 லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும். எனவே வேலை கிடைத்த மாதமே பழைய தவணைக்குத் திரும்ப வேண்டும். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. இந்த உத்தி அதனால்தான் பயன்படும். மீதி 19,500-இல் குடும்பம் நடக்க வேண்டும். தனிநபர் கடனுக்கும் கார்டுக்கும் அதில் இடமில்லை என்பதை மறைக்காமல் அந்த நிறுவனங்களுக்கு எழுதி, வட்டியை நிறுத்தித் தவணையாக மாற்றச் சொல்ல வேண்டும். முடியாவிட்டால் ஒரே தொகையில் தீர்வு.

கார் இல்லாமல் எப்படி என்ற கேள்வி நியாயமானது, குறிப்பாக கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு. வண்டி சோறு போடுகிறதென்றால் அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அப்போது அதன் தவணைக்கு வீட்டுத் தவணைக்கு அடுத்த இடம். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் அலுவலகம் போக முடிகிறவருக்கு அந்த வாதம் பொருந்தாது. எதுவானாலும் நடுரோட்டில் வண்டியை மறித்துச் சாவி பிடுங்குவது வசூல் அல்ல, அடாவடி. ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கௌருக்கும் இடையிலான வழக்கில் 2007-இலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் அழைப்பு கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டிக்கடைக்காரர் மீட்டர் வட்டி கேட்டால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வீட்டுத் தவணைக்காக மீட்டர் வட்டிக்குக் கை நீட்டுவதைவிட வீட்டை வாடகைக்கு விட்டு, சின்ன வீட்டுக்குக் குடிபோவது எவ்வளவோ மேல்.

‘பேங்க்காரன் எங்கே கேட்கிறான்?’ என்பதே வலுவான ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. நெருக்கடியில் இருப்பவரின் கடனைத் திருத்தி அமைத்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கணக்கைப் பொதுவாக வாராக்கடன் பட்டியலுக்கு இறக்க வேண்டும். அதனால் கிளை மேலாளர் தயங்குகிறார். ஆனால் கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டிலும் 2021 மே மாதத்திலும், கணக்கைக் கீழிறக்காமலே திருத்தி அமைக்க ரிசர்வ் வங்கி சாளரம் திறந்தது. வானம் இடிந்து விழவில்லை. வேலையிழப்புக்கு ஆவணம் காட்டுகிற வீட்டுக் கடன்காரருக்கு ஒருமுறை மட்டும் அதே சலுகையை நிரந்தரமாக்கலாம் என்பதற்கு அதுவே சான்று. இப்போதைய விதிகளுக்குள்ளும் கேட்கச் சில உண்டு. முதல் தவணை தவறும் முன், சிபில் மதிப்பெண் கெடுமுன், குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். அங்கீகாரமற்ற மனையில் கட்டி நிதி நிறுவனத்தில் கூடுதல் வட்டிக்கு வாங்கியவர்களுக்கு இது கடினம். மனையை வரன்முறைப்படுத்தியிருந்தால் வழி பிறக்கும். வட்டி ஏறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் இருந்து வாடிக்கையாளருக்கு உண்டு. அபராதத்தை வட்டியாக ஏற்றி அதன்மேல் மீண்டும் வட்டி போடுவதும் 2024 முதல் கூடாது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

செட்டில்மென்ட் செய்தால் சிபிலில் கறை படியும் என்பதும் சரியே. ‘செட்டில்டு’ என்ற குறிப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். அந்தக் காலத்தில் புதுக் கடன் எளிதில் கிடைக்காது. ஆனால் கடனில் மூழ்கியவருக்கு உடனடித் தேவை இன்னொரு கடன் இல்லை. கார்டுக் கணக்கில் அந்தக் குறிப்பு விழுவதும் வீட்டுக் கடன் வாராக்கடன் ஆவதும் ஒன்றல்ல. ஒரு எச்சரிக்கை: வீட்டுக் கடனும் கார்டும் சம்பளக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், கார்டு பாக்கிக்குச் சம்பளக் கணக்கில் அந்த வங்கி கைவைக்கக்கூடும். பேச்சைத் தொடங்கும் முன் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்வது விவேகம். கட்ட வழியே பிறக்காது, வருமானம் திரும்பாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் இந்த வாதத்தையும் விட்டுவிட்டு, வங்கிக்குத் தெரிவித்து வீட்டைத் தானே சந்தை விலைக்கு விற்பதுதான் சரி. ஏலத்துக்குப் போகும் வீட்டைவிட உரிமையாளர் விற்கும் வீட்டுக்கு விலை கூடும். மிச்சம் அவர் கைக்கு வரும்.

தாலுகாவுக்கு ஒரு கடன் ஆலோசனை மையம், வங்கிகளின் செலவில், வங்கிகளின் பிடியில் இல்லாமல் வேண்டும். 2009-இல் எழுதிய திட்டத்தை எடுத்துத் தூசி தட்டினாலே போதும். தாம்பரம் போல அடமானப் பத்திரங்களின் மேல் எழுந்த ஒரு நகரத்தில் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தனிநபர் திவால் பகுதியை, வீட்டுக்கான விலக்கை நடைமுறை மதிப்பில் நிர்ணயித்து, மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை இருப்பது சட்டப் பணிகள் ஆணைக்குழு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு. வழக்காகும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வங்கியை உட்கார வைத்துப் பேசலாம். அங்கே எழுதப்படும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமம். அடுத்த மாதத் தவணை தவறும் என்று இந்த மாதமே தெரிந்தால், வேலை நீக்கக் கடிதத்தையும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, எவ்வளவு கட்ட முடியும் என்று தொகையைக் குறிப்பிட்டு, கிளை மேலாளருக்கு மனு கொடுங்கள். நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.